ஒன்பதாம் எண் பிளக்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கந்தராஜாவின் நீலநிறக் கார் இருமிக்கொண்டே வந்து ஈப்போ புந்தோங்கில் உடையப்பனின் பட்டறை வாசலில் நின்றது. இருமல் காருக்கு மட்டும்தான். ஸ்கந்தராஜாவின் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. பேராக் தமிழர் அதிவேக வாகனக் கழகத்தின் தலைவர் அவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

கார் உண்மையிலேயே நல்ல கார். ஜப்பான்காரன் பந்தயத்துக்கென்று செய்து, பிறகு மனம் இளகி ரோட்டுக்கும் விட்ட டர்போ வண்டி. பின்னால் துணி தேய்க்கும் பலகை அளவுக்கு ஓர் இறக்கை. அதை ஓட்டுகிறவர் அரசாங்க இலாகா ஒன்றில் உதவி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிட்டிங் கார்டில் 'இயக்குநர்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். 'உதவி'யைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும்.

உடையப்பனுக்கு அன்றைக்கு முதல் வேலையே இதுதான். இருந்தாலும் மூன்று காரை முடித்தவர் மாதிரி அசதியாக இருந்தது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். அசதி அவருக்கு முன்னால் எழுந்து வந்து பட்டறையைத் திறந்து வைத்துவிடுகிறது. ஐம்பத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, இருபத்தாறு வருடத் தொழில். குனிந்து பானெட்டைத் திறந்தார்.

இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். பிளக்கின் நுனியைப் பார்த்தால் வண்டியின் வாழ்க்கை தெரியும். ஒழுங்காக ஓடுகிற வண்டியில் நுனி இளம் பழுப்பாக இருக்கும். இந்த நான்கும் கறுப்பு. விரலில் ஒட்டும் கரி. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கழகம், கழகத்திலிருந்து வீடு, அறுபதைத் தாண்டாத வேகம். கார் வாங்கிய ஆறு வருடமும் அதில் எழுதியிருந்தது. ஆனால் போன தீபாவளி விருந்தில் தலைவர், கோப்பெங் பக்கம் ஹைவேயில் இருநூற்றிருபதைத் தொட்டதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார். பிளக் பொய் சொல்லாது. நல்லவேளை, அதைக் கழக விருந்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் ஸ்கந்தராஜா.

"வயசாயிருச்சு சார். மாத்திரலாம்."

"மாத்தத்தானே வந்தனான். ஞாயிற்றுக்கிழமை எங்கட கழக ஊர்வலம். இருபத்திரண்டு கார். கோலா கங்சார் வரைக்கும் போறம். முதல் கார் என்ர கார். விளங்குதோ?" சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, மோதிரப் பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்தார். "இதைப் போடும். ஒன்பதாம் நம்பர். ரேஸ்காரர் பாவிக்கிறது. வெளிநாட்டிலயிருந்து எடுப்பிச்சனான்."

உடையப்பன் பெட்டியைப் பார்த்தார். நல்ல பிளக்தான். இந்தக் காருக்கு அல்ல.

"சார், ஒங்க காடிக்கு ஏழு. புத்தகத்துலயே போட்டிருக்கு."

"ஜெயபாலன் எட்டுப் போட்டிருக்கிறான்."

இதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஜெயபாலன் கழகத்தின் துணைத்தலைவர், காப்புறுதி ஏஜெண்டு, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் நாற்காலிக்குக் கண் வைத்திருப்பவர். துணைத்தலைவர் எட்டு என்றால் தலைவர் ஒன்பது. கோயில் திருவிழாவில் மாலை போடும் வரிசை மாதிரி இதற்கும் ஒரு வரிசை உண்டு போலிருக்கிறது.

"இந்த நம்பரு மார்க்கு இல்ல சார்," என்றார் உடையப்பன் பொறுமையாக. "சூட்ட வெளிய தள்ளுற வேகம். நம்பரு கூடக் கூட பிளக்கு சீக்கிரம் ஆறிரும். ரேஸ்ல இஞ்சின் கொதிக்கும், அங்க ஒம்பது சரி. நம்ம மாதிரி ஓட்டுனா..." அங்கே நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மறுபக்கத்தில் இருநூற்றிருபது நின்றுகொண்டிருந்தது. "நம்ம ரோட்டுல அது சூடே ஏறாது. சூடு ஏறலன்னா கரி எரியாது. கரி புடிச்சா காடி இருமும். நடுரோட்டுல நின்னாலும் நிக்கும் லா."

"நான் ஓட்டுற வேகத்துக்கு நிக்குமோ?"

"நீங்க ஓட்டுற வேகத்துக்குத்தான் சார் சொல்றேன்."

"அதுதானே!" ஸ்கந்தராஜாவின் முகம் மலர்ந்தது. "என்ர வேகத்துக்கு ஏழு தாங்காது. நீராவது விளங்கிக்கொண்டீர்."

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்ட தலைவர், சனிக்கிழமை ராகுகாலம் கழித்துப் பத்தரைக்கு மேல் வருவதாகவும், அதுவரை பிளக்குகள் கோயிலில் அர்ச்சனைக்குப் போவதாகவும் அறிவித்தார். பழைய பிளக்கையே துடைத்துப் போட்டு அனுப்பி வைத்தார் உடையப்பன்.

அன்று மத்தியானம் உடையப்பன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்த இருபத்திரண்டு காரில் பதினான்கு இவர் கைபட்டவை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகும் சுங்கை சிப்புட் சாலையில் முதல் கார் புகையைக் கக்கிக்கொண்டு நின்றால், ஒன்பதாம் நம்பர் நிறுத்தியது என்று யாரும் சொல்லப்போவதில்லை. உடையப்பன் கைவைத்த வண்டி நின்றது என்பார்கள். இருபத்தாறு வருடமாகச் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றுதான், கட்டடம்கூட வாடகை.

"போட முடியாதுன்னு சொல்லிற வேண்டியதுதானே," என்றாள் மாரியம்மா. அவர் மனைவி, முன்பக்கம் சாமான் விற்கும் மேசை அவள் பொறுப்பு.

"சொன்னேன். பாராட்டிட்டுப் போறாரு."

"அப்ப வேற எடத்துக்குப் போவச் சொல்லு."

"எங்க போட்டாலும் காடி யாருதுன்னு ஊருக்குத் தெரியும். அத ரிப்பேர் பாக்குற போமன் யாருன்னும் தெரியும்."

மாரியம்மா அவரைப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தை அவர் பிளக் பார்ப்பதைவிட நன்றாகப் பார்க்கக் கற்றிருந்தாள். "ஏதோ திருட்டு வேல செய்யப் போற," என்றாள்.

சனிக்கிழமை பத்து நாற்பதுக்குத் தலைவர் வந்தார். கூடவே அவர் மனைவி தவமணி, கையில் வெள்ளித் தட்டோடு. தட்டில் நான்கு பிளக்குகள். ஒவ்வொன்றுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். சுற்றி மல்லிகைச் சரம். குருக்கள் குறை வைக்கவில்லை. இரும்பில் பூசியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெள்ளைப் பீங்கான் முழுக்கச் சந்தனம். ஒரு பிளக்கில் நெருப்புப் பொறி பாய வேண்டிய அந்த மெல்லிய இடைவெளியில் குங்குமம் கெட்டியாக அடைந்திருந்தது. அதற்குமேல் பொறி பாய வேண்டுமென்றால் சாமியே இறங்கி வந்து பாய்ச்ச வேண்டும்.

"அம்மா, பீங்கான்ல ஈரச் சந்தனம் இருந்தா கரண்டு வழி தவறிப் போயிரும். தொடச்சிட்டு..."

"துடைக்கப்படாது!" தவமணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாமியிட்டக் குடுத்து எடுத்தது. இஞ்சாருங்கோ, இவர் துடைக்கப் போறாராம்!"

உடையப்பனுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. நேர்மையான வழி அல்ல. "தொடைக்கல மா. பின்னால கொண்டுபோய் காத்துல காய வச்சிட்டு வாரேன். அஞ்சு நிமிசம்."

தலைவர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். தவமணி தட்டை நீட்டினார்.

பின்னறையில் முந்தின நாளே வாங்கி வைத்த ஏழாம் நம்பர் நான்கு தயாராக இருந்தன. இடைவெளியை அளந்து வைத்தாகிவிட்டது. ஒன்பதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். "அந்தச் சந்தனத்தக் கொஞ்சம் கொண்டா," என்றார் மாரியம்மாவிடம்.

"சாமி குத்தம்."

"குத்தம் எனக்கு. நீ பொட்ட மட்டும் வை. பீங்கான்ல படக்கூடாது, கீழ இரும்புல வை."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். ஆனால் நான்கும் ஒரே அளவில், திருத்தமாக வைத்தாள். எந்த வேலையும் அரைகுறையாக அவள் கைக்கு வராது. மல்லிகையைக்கூட எடுத்து மாற்றிச் சுற்றினாள்.

உடையப்பன் ஒவ்வொரு பிளக்கையும் முதலில் விரலால் திருகினார். இஞ்சினுக்கு அலுமினியத் தலை, அவசரப்பட்டு ஸ்பானர் சாவியை மாட்டினால் திருகு மரை போய்விடும். முழுதும் இறங்கியபின் அளவுச் சாவியால் இறுக்கினார். தலைவர் அருகில் வந்து கைகட்டி நின்று, "மெதுவா... ஆ... அப்பிடித்தான்," என்று நான்கு தடவையும் சொன்னார். கட்டடத் திறப்பு விழாக்களில் நின்று பழகிய உடம்பு.

இஞ்சின் ஒரே தட்டில் எழுந்தது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. வயிறு நிறைந்த பூனை மாதிரி ஒரே சீரான முனகல். ஸ்கந்தராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீரோ உடையப்பன்? ஒன்பது!"

"கேட்டேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் ஊர்வலத்துக்குப் போகவில்லை. கால் நீட்டிப் படுத்திருந்தார். போன் மட்டும் பக்கத்தில் இருந்தது. அது ஒருமுறை அடித்தாலும் நெஞ்சு இரண்டுமுறை அடித்தது. கெட்ட சேதி வரவில்லை. சாயங்காலம் மாரியம்மா கழகத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்: மாலை போட்ட நீலக் கார், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஓரிடத்தில், மிச்சமிருக்கும் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கும் தலைவர், தேங்காய்க்குப் பிறகு பேசும் தலைவர், இன்னமும் பேசும் தலைவர். உடையப்பன் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். பெயர் தப்பித்தது.

அந்த நிம்மதி திங்கட்கிழமை ஒன்பதரை மணி வரைக்கும் இருந்தது.

ஜெயபாலன் சிவப்பு வண்டியில் வந்து இறங்கினார். வண்டி இருமியது. "அண்ணே, மானம் போச்சு," என்றார். "ஊர்வலத்துல எங்க தலைவரு அந்தக் கோயில் முன்னால முக்கா மணி நேரம் பேசுனாரு. எல்லாரும் ஏர்கோன் போட்டு இஞ்சின ஓட விட்டுக்கிட்டு நிக்கிறோம். என்னுது அப்பப் புடிச்ச இருமல்தான், கங்சார் வரைக்கும் விடல. அவரு காடி பறக்குது அண்ணே!"

"எட்டு நீயா மாத்துனியா?"

"நானேதான், வீடியோ பாத்து. அத விடுங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். எட்டு இருமுது. ஒம்பது பறக்குது." பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப பத்து?"

உடையப்பன் பெட்டியைத் தொடவில்லை.

"மத்தவங்களும் ஆர்டர் பண்ணிட்டாங்க," என்றார் ஜெயபாலன் உற்சாகமாக. "பதினொரு பேரு. எல்லாம் ஒம்பது. எல்லாரும் இங்கதான் வருவாங்க அண்ணே, தலைவருக்குப் போட்ட கை வேணுமாம்."

தன் பெயரைக் காப்பாற்ற ஒரு காரில் செய்த திருட்டு, பன்னிரண்டு காராகப் பெருகி வாசலுக்கு வந்து நின்றது. பன்னிரண்டும் ஒரே மாதத்தில் இருமத் தொடங்கும். பாசாரில், கோயில் வாசலில், பள்ளிக்கூட கேட்டில் நிற்கும். ஒவ்வொன்றிலும் தலைவருக்குப் போட்ட அதே கை. இப்போது வேண்டாம் என்று சொன்னால், தலைவருக்கு மட்டும் போட்டாயே என்று கேட்பார்கள்.

"வியாழக்கெழம வா," என்றார். "எல்லாரையும் வியாழக்கெழம வரச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்கந்தராஜாவின் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தார். எப்படிச் சேர்த்தாலும் 'ஏமாத்திட்டேன்' என்ற சொல் எங்காவது நீட்டிக்கொண்டு நின்றது. தவமணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். உடையப்பன் பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். உள்ளே நான்கு ஒன்பதுகள், காய்ந்து வெடித்த சந்தனத்தோடு.

"இது என்ன?"

"ஒங்க பிளக்கு சார். நான் போடல. ஏழுதான் போட்டேன். ஒம்பது போட்டா வழியில நின்னுரும், அதுக்கப்புறம் என் பேரு நிக்காது. அதான் மாத்திட்டேன். தப்புதான்."

ஸ்கந்தராஜா பையைப் பிரித்துப் பார்த்தார். கத்துவார் என்று உடையப்பன் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்ல சார்."

"நான் நூறு போனனான்," என்றார், மைக் இல்லாத குரலில். அந்தக் குரலை உடையப்பன் அதுவரை கேட்டதில்லை. "திரும்பி வரேக்க. ரோடு காலியாக் கிடந்தது. ஒன்பது இருக்குத்தானே எண்டு மிதிச்சனான். இவ கத்தினவ. என்ர வாழ்க்கையில எண்பதுக்கு மேல போனதில்லை, உடையப்பன். பயம்." வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "அப்ப அது ஏழோ?"

"ஏழுதான் சார். அந்தக் காடி ஏழுலயே எரநூறு போவும்."

"ம்."

இரண்டு பேருக்கும் அசதி. பிறகு உடையப்பன், பதினொரு பேர் ஒன்பது வாங்கியிருப்பதையும் ஜெயபாலனின் பத்தையும் சொன்னார். "நீங்க ஒரு வார்த்த ஏழு போதும்னு சொன்னா கேப்பாங்க சார். எப்படிச் சொல்றீங்களோ ஒங்க விருப்பம். நான் மாத்துனத வெளிய சொல்ல மாட்டேன். அந்தக் காடிங்க எல்லாம் கெட்டுப்போனா என் பேருதான் போவும்."

"ஓம், ஓம். உம்மட பேர் போகக் கூடாது. நீர் போம். நான் ஒரு சுற்றறிக்கை விடுறன்."

வீட்டுக்குத் திரும்பும்போது முழங்கால்கூட வலிக்கவில்லை. பெரிய மனிதர்களைப் பற்றித் தான் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணத்துக்கு ஒன்றரை நாள் ஆயுள்.

வியாழக்கிழமை காலை சுற்றறிக்கை போனில் வந்தது. கழகச் சின்னம், தலைவர் படம் எல்லாம் போட்டு. மாரியம்மா உரக்கப் படித்தாள்:

"'பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! நமது தலைவர் அவர்கள் மேற்கொண்ட நீண்ட தொழில்நுட்ப ஆய்வின் முடிவாக அறிவிப்பது யாதெனில், ஒன்பதாம் எண் தீப்பொறிச் செருகியைப் பொருத்தும் உயர்திறன் ஈப்போ வட்டாரப் பட்டறைகளில் தற்போது இல்லாமையால், உறுப்பினர்கள் அனைவரும் ஏழாம் எண்ணோடு அமைந்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தலைவர் அவர்களின் வாகனத்துக்கு மட்டும், தலைவர் அவர்களே அருகில் நின்று ஒவ்வொரு கட்டத்திலும் பட்டறையாளருக்கு வழிகாட்டியதால்...'"

அவள் நிறுத்தினாள். இன்னும் இரண்டு பத்தி இருந்தது. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

போன் அடித்தது. ஸ்கந்தராஜா. "உடையப்பன், அந்த வரி செயலாளர் போட்டது. நான் 'சில பட்டறைகளில்' எண்டுதான் சொன்னனான். பெரிசா எடுக்காதையும். உம்மட பேர் எங்கயும் இல்லைத்தானே?"

"இல்ல சார்." ஊரில் அந்தக் காரைத் தொடுகிற பட்டறை ஒன்றுதான் என்பதை அவர் சொல்லவில்லை. போனை வைத்தார்.

"இப்பவே கழக குரூப்புல எழுதிப் போடறேன்," என்றாள் மாரியம்மா. அவள் விரல் ஏற்கெனவே திரையில் இருந்தது. "ஒங்க தலைவரு காடில ஓடுறது ஏழு, நாங்க வச்ச சந்தனம்னு போடறேன்."

"போடாத."

"ஏன்? மண்ணு மாதிரி நிக்கிறியே! வேல தெரியாதவன்னு எழுதியிருக்கான்யா ஒன்ன."

"நீ போட்டா அடுத்த நிமிசம் ஜெயபாலன் தலைவராயிருவான். அவன் கையில பத்து இருக்கு. அப்புறம் எல்லாருக்கும் பத்து." உடையப்பன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், கையில் இன்னும் எதுவும் படவில்லை. "இந்தக் காகிதத்த நம்புனாத்தான் ஏழு போடுவானுங்க. போடட்டும். காடி கெடாது."

"ஒன் பேரு?"

வாசலில் முதல் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று, ரோடு வரைக்கும். சிவப்பு வண்டி இருமி இருமி அடங்கியது. ஜெயபாலன் இறங்கி வந்து, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உடையப்பனின் தோளில் கைவைத்தார்.

"படிச்சேன் அண்ணே. மனசுல வச்சிக்காதீங்க. எல்லாருக்கும் எல்லா வேலையும் வந்துருமா? எனக்கு ஏழே போதும். ஒங்களால முடிஞ்சதப் பண்ணுங்க."

முன்மேசையில் மாரியம்மா ஏதோ ஒரு சாமானை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. உடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயபாலன் பிளக்கை வீடியோ பார்த்து எப்படி இறுக்கியிருப்பார் என்பதுதான் அவருக்கு இப்போது கவலையாக இருந்தது. மரை போயிருந்தால் இன்றைக்குப் பாதிப் பகல் இதற்கே போய்விடும்.

"சரி," என்றார். "பானெட்டத் தொற."